எந்தச் சயாம்?

திருக்குறளின் 42ஆம் அதிகாரத்துக்குப் பெயர் கேள்வி. அங்கே அச்சொல் செவிமடுத்தலைக் குறிக்கும். இன்றைய வழக்கில் வினாவைக் குறிக்கும். கெடாத் தோட்டங்களில் வாழ்ந்த நம் முதியோருடன் உரையாடும்போது நாம் இரண்டாம் பொருளையே பற்றிக்கொள்கிறோம். எந்த ஆண்டு, எந்த ஊர், எத்தனை பேர் என்று அடுக்கடுக்காய் வினவுகிறோம். அவர்களோ, "அதெல்லாம் யாருக்கு ஞாபகம் தம்பி" என்று வெற்றிலையைக் கையில் எடுத்துவிடுகிறார்கள்.

சயாம்–பர்மா ரயில்பாதையை எண்ணிப் பாருங்கள். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைக்கப்பட்ட பாதை அது. நீளம் சுமார் 415 கிலோமீட்டர். மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் கொண்டுசென்ற தமிழர் பல்லாயிரவர். மீளாதவர் மிகப் பலர். அங்கே உழன்ற வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் நாட்குறிப்பு எழுதினர், ஓவியம் தீட்டினர், பின்னர் நூல்களும் வெளியிட்டனர். நம்மவர் எழுதிவைத்தது மிகச் சொற்பம். எஞ்சியது வாய்மொழிதான், அதற்குத் தேவை செவி.

கெடாவில் மற்றொரு சிக்கலும் உண்டு. பாதை இணைந்த அதே அக்டோபரில் ஜப்பானியர் இம்மாநிலத்தைச் சயாமிய ஆட்சியிடம் ஒப்படைத்தனர். 1945இல் போர் முடியும்வரை அந்நிலை நீடித்தது. ஆகவே ஒரு மூதாட்டி "சயாம்காரன் காலத்திலே" என்று தொடங்கினால், அவர் சொல்லவருவது கணவர் காட்டுக்குப் போன கதையா, வீட்டு வாசலில் ஆட்சி மாறிய கதையா? "ஓ, மரண ரயிலா பாட்டி?" என்று நாம் முந்திக்கொண்டால் அவர் மரியாதைக்காகத் தலையசைத்துவிடுவார். நாமும் அதையே குறித்துக்கொண்டு மகிழ்ச்சியோடு திரும்புவோம். பிழையான வரலாறு இப்படியும் பிறக்கும்.

தோட்டத்து நினைவுக்கு நாட்காட்டி வேறு. மூத்தவன் பிறந்த ஆண்டு, பழைய துரை இருந்த காலம், மரம் வெட்டி மறுநடவு செய்த காலம் என்றே அது நகரும். இடையே பேச்சு நின்றுபோவதும் உண்டு. அந்த மௌனத்தை அடுத்த வினாவால் நிரப்பத் துடிக்கிறோமே, அதுதான் பெருங்கேடு.

அன்று பத்து வயதாயிருந்தவர்க்கு இன்று தொண்ணூறு கடந்துவிட்டது. பல லயங்கள் இடிந்து, குடும்பங்கள் சுங்கை பட்டாணி, கூலிம் குடியிருப்புகளில் சிதறிவிட்டன. இங்கே வெள்ளிக்கிழமை விடுமுறைதானே? இளையோர் அன்று அவர்களிடம் செல்லுங்கள். முதல் அரைமணி நேரம் எழுதுகோலையும் கைப்பேசியையும் எடுக்கவேண்டாம். எந்தச் சயாம் என்பது பெரும்பாலும் அதன்பிறகே தெரியவரும்.