கடலுக்குள் ஒரு கோட்டை

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

மலைகள் சூழ்ந்த செஞ்சியில் பவளப்பாறையைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். கோட்டையின் அருமை அறிந்தவர்களிடம்தான் இதனைப் பேச வேண்டும் என்பது என் கருத்து. 1690 முதல் 1698 வரை முகலாயப் படை முற்றுகையிட்ட பிறகே நம் கோட்டை வீழ்ந்தது. 2025இல் அது உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையிலும் இடம்பெற்றது. அது கல்லால் ஆன கோட்டை. உயிரால் ஆன கோட்டை ஒன்று நம் தென்கடலில், மன்னார் வளைகுடாவில் நிற்கிறது.

பவளத்தைத் 'துகிர்' என்று சங்கப் புலவர்கள் போற்றினர். அணிகலனாகும் செம்பவளம் பெரிதும் மத்தியதரைக் கடலுக்கு உரியது. நான் சொல்வது பாறை கட்டும் பவளம். கடுகளவு உயிர்கள் கோடிக்கணக்கில் கூடி, கடல்நீரிலிருந்து சுண்ணாம்பைப் பிரித்து, தலைமுறை தலைமுறையாக எழுப்பிய மாளிகை அது. மன்னார் வளைகுடாவில் மட்டும் 117 வகைக் கடினப் பவளங்கள் கணக்கிடப்பட்டுள்ளன. மீனும் இறாலும் அங்கே குஞ்சு பொரிக்கின்றன. அலையின் வேகம் அங்கே தணிகிறது.

இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள் இருந்தன. குருசடை, முயல் தீவு, நல்லதண்ணித் தீவு, வான் தீவு என அவற்றின் பெயர்களே நெய்தல் நிலத்துக் கவிதைகள். அவற்றுள் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்னும் இரண்டு இன்று நீருக்குள் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்திற்காகவும் பவளத்தைப் பல்லாண்டுக் காலம் வெட்டி எடுத்தோம், மதில் இடிந்தது, தீவு கரைந்தது. 1986இல் கடல்வாழ் தேசியப் பூங்காவும், 1989இல் உயிர்க்கோளக் காப்பகமும் அமைந்தன. 2001இல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தது. வெட்டுதல் பெரும்பாலும் ஓய்ந்தது. தேய்ந்துவந்த வான் தீவைக் காக்கச் செயற்கைப் பாறைகளும் இறக்கப்பட்டன.

ஆனால் இன்றைய பகைவனுக்குக் கடப்பாரை தேவையில்லை, வெப்பம் போதும். பவள உயிரின் உடலுக்குள் நுண்ணிய பாசி குடியிருக்கிறது. உணவும் வண்ணமும் அது தரும் கொடை. நீரின் சூடு வழக்கத்தினும் ஓரிரு பாகை மிகுந்து சில வாரங்கள் நீடித்தால், பவளம் அப்பாசியை வெளியேற்றிவிடும், வெளுத்துப்போகும். சூடு விரைவில் தணிந்தால் பிழைக்கும். தணியாவிட்டால் பட்டினியால் மடியும். மன்னார் வளைகுடா 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இவ்வெளுப்பைக் கண்டது. உலகளாவிய நான்காவது வெளுப்பு 2024இல் அறிவிக்கப்பட்டது. இது போதாதென்று, வாணிகத்திற்காகக் கொணர்ந்த அயல்நாட்டுக் கடற்பாசியான கப்பாபைகஸ், குருசடைப் பவளங்களைப் போர்த்தி மூச்சடைக்கச் செய்ததும் 2008இல் தெரியவந்தது.

இங்கே ஒன்றை நேர்மையோடு சொல்ல வேண்டும். பவளம் வெட்டியவரும் வயிற்றுக்காகவே வெட்டினர். தீவுகளைச் சுற்றி மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களுக்குப் பூங்காவின் எல்லைக்கோடு அடுப்பின் மேல் விழுந்த கோடு. அவர்களை விலக்கிவைத்துக் கடலைக் காக்க இயலாது. வளமான பாறை எது, மெலிந்த பாறை எது என்பதை ஏட்டில் படித்தவரைவிட மூழ்கிப் பார்த்தவரே நன்கு அறிவர். கடலைச் சூடாக்கும் புகையில் அவர்களுடைய பங்கு மிகச் சிறிது. விளக்கும் வண்டியும் பெருக்கிய நம்முடைய பங்கு பெரிது.

இலக்கிய வட்டம் இதில் என்ன செய்ய இயலும்? ஐந்திணையுள் நெய்தலையும் ஒரு திணையாக வைத்தவர் நம் முன்னோர். அத்திணையின் கருப்பொருள்கள் கண்முன்னே அழியும்போது பாட்டின் பொருளும் அழிகிறது. அடுத்த பத்தாண்டில் நம் மாணவரைத் தென்கரைக்கு அழைத்துச் செல்வோம். தீவுகளின் பெயர்களையும் மீனவர் சொற்களையும் தொகுப்போம். செஞ்சிக் கோட்டையின் ஒரு கல் பெயர்ந்தால் நமக்கு வலிக்கும். இடிந்த மதிலைக் கொத்தனார் எழுப்பிவிடுவார். மடிந்த பவளத்தை எழுப்பும் கொத்தனார் பவளம் ஒன்றே. ஆதலால் அது உயிரோடு இருக்கும்போதே காப்போம்.