பழைய மோட்டார் சைக்கிளும் நம்பத்தக்க மெக்கானிக்கும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பேச்சு)



இம்மேடையிலே வழக்கமாக இலக்கியமும் சமயமும் பேசப்படும். இன்று நாம் ஒயிலும் கறுப்புப் புகையும் மணக்கும் ஒரு விடயத்தை எடுத்துக்கொண்டு வந்திருக்கின்றோம். எடுத்த பொருள் சிறிதென்று பெரியோர் எண்ணாதிருக்க வேண்டுகிறோம். ஒரு மனிதனை எவ்வாறு நம்புவது, நம்பியபின் எவ்வாறு நடந்துகொள்வது என்பதே எமது பேச்சின் உட்பொருள். மோட்டார் சைக்கிள் அதற்கு ஒரு வாகனம் மாத்திரமே.

எமது வீட்டில் ஹொண்டா சீ 90 வண்டி ஒன்று உண்டு. காலஞ்சென்ற தந்தையார் எமக்கு விட்டுச்சென்ற சொத்துக்களில் ஓடக்கூடியது அது ஒன்றே. 1958ஆம் ஆண்டு ஜப்பானிலே முதன்முதல் வெளிவந்த சுப்பர் கப் என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்து வண்டிகள் 2017ஆம் ஆண்டளவில் பத்துக்கோடி என்னும் தொகையைத் தாண்டின. ஆகவே, எமது வண்டி உலகிலே தனித்த அதிசயம் அன்று. ஆயினும், எமது அம்மாவை வடமராட்சியிலிருந்து யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக் கிளினிக்குக்கு மாதந்தோறும் ஏற்றிச் செல்லும் வண்டி என்ற வகையிலே எமக்கு அதற்கு நிகர் வேறொன்றில்லை.

புதிது வாங்கலாமே என்று சிலர் கேட்பர். 2020ஆம் ஆண்டு இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025ஆம் ஆண்டிலேதான் மீண்டும் வழி திறந்தது. அவ்வைந்தாண்டில் பழைய வண்டிகளும் பொன் விலை விற்றன. வசதியில்லாதோர் உள்ளதைப் பேணுவதன்றி வேறு செய்வதற்கில்லை. பேணுவதற்கோ நல்ல கை ஒன்று வேண்டும்.

எமது பிரதேசத்திலே அத்தகைய கைகளுக்கு ஒரு காலத்தில் பஞ்சம் இருக்கவில்லை. 1990ஆம் ஆண்டுக்குப் பின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வராதிருந்த காலத்தை இங்குள்ள பெரியோர் நன்கறிவர். நாம் அப்போது பிறக்கவில்லை. தந்தையார் சொல்லக் கேட்டதே. சிறு போத்தலில் வைத்திருந்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் ஊட்டி, வண்டியை உதைத்து உயிர்ப்பித்து, எந்திரம் சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓடவிடுவார்களாம். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை; அதனாலேதான் அந்தச் சில துளிப் பெற்றோலும், அந்தச் சூடும் வேண்டியிருந்தன. முற்றாக எரியாத மண்ணெண்ணெய் பிளக்கிலே கரியாகப் படியும். கீழிறங்கி ஒயிலையும் நீர்ப்பிக்கும். ஆதலால் அடிக்கடி கழற்றவேண்டும், துடைக்கவேண்டும், மீண்டும் பூட்டவேண்டும். உதிரிப்பாகமும் இல்லாத அந்நாளில் தொழில் பழகியவர்கள், எதையும் எறியுமுன் அதற்கு இன்னும் உயிர் உண்டோ என்று பார்க்கக் கற்றார்கள்.

நிற்க. எமக்கு நேர்ந்ததைச் சொல்வோம்.

ஒரு கிளினிக் நாள். அம்மாவைப் பின்னால் இருத்திக்கொண்டு வல்லைவெளியால் வருகையில் வண்டி இருமுறை இருமிவிட்டு நின்றுவிட்டது. ஒதுங்க ஒரு மரநிழல் இல்லாத வெளி அது, நேரமோ மத்தியானம். எத்தனை முறை உதைத்தும் பயனில்லை. அரைமணி நேரம் கழித்து, ஒன்றும் நடவாதது போலத் தானே புறப்பட்டது. அந்த அரைமணி நேரமும் அம்மா சேலைத் தலைப்பைத் தலையில் இட்டுக்கொண்டு, எம்மை ஒரு சொல்லும் சொல்லாது நின்ற கோலம் இன்றும் கண்ணில் நிற்கிறது.

அடுத்த நாளே வண்டியைப் பெரிய கராஜ் ஒன்றிற் கொண்டுபோய் விட்டோம். அதன் பெயர் இங்கு வேண்டியதில்லை. விளம்பரப் பலகையும் வெள்ளை வெளிச்சமும் கண்டு நம்பினோம். அங்கிருந்தவர் எம்மிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. “காபரேற்றர் முடிஞ்சுது தம்பி, புதுசு போடவேணும்” என்றார். போட்டார். அவ்விடத்திலே ஓட்டிப் பார்த்தோம், நன்றாகவே ஓடியது. அடுத்த கிளினிக் நாள் அதே வல்லைவெளி, அதே வெயில், அதே அம்மா!

அதன்பின் அயலிலுள்ள பெரியவர் ஒருவர் சொல்ல, ஓலைக் கொட்டிலொன்றில் வேலைசெய்யும் ஒரு முதியவரிடம் போனோம். அவர் வண்டியைத் தொடவில்லை; முதலில் எம்மையே விசாரித்தார். “சூடேற முந்தி நிக்குதோ, சூடேறின பிறகோ? நிண்டால் திரும்ப வெளிக்கிட எவ்வளவு நேரம் எடுக்குது?” நாம் சொன்னதைக் கேட்டுவிட்டு, வண்டியிலேறி எங்கோ போனார். போனவர் திரும்ப ஒரு மணி நேரமாயிற்று. வண்டி நிற்கும்வரை ஓட்டி, நின்ற இடத்திலேயே சோதித்துவிட்டு வந்திருந்தார். காபரேற்றரின் கீழ்த் திருகைத் தளர்த்திப் பார்த்தாராம். பெற்றோல் தாராளமாக வந்தது. பிளக்கைக் கழற்றி எந்திரத்தின் உலோகத்திலே முட்ட வைத்து உதைத்துப் பார்த்தாராம். நீலமாகப் பாயவேண்டிய பொறி, மஞ்சளாய் மெலிந்து வந்தது. “பெற்றோல் வருகுது, நெருப்புத்தான் வரேல்லை. கொண்டென்சர்” என்றார். அது பெருவிரலளவு பொருள். மாற்றினார். இன்றுவரை வல்லைவெளியில் எமது வண்டி நிற்கவில்லை.

இங்கே எமது வெட்கத்தையும் சொல்லவேண்டும். நாம் கற்றது மிசன் பள்ளிக்கூடமொன்றில். அங்கே பௌதிகவியல் வகுப்பிலே கொள்ளளவி என்ற பெயரில் இதே கொண்டென்சரைப் படித்தோம். சூத்திரம் எழுதிப் புள்ளியும் பெற்றோம். பழைய வண்டியிலே தொடுமுனைகள் பிரியும்போது எழும் பொறியை அடக்கி, மின்னோட்டத்தைச் சட்டென்று அறுப்பது இதன் வேலை. அவ்வாறு சட்டென்று அறுந்தாலன்றிப் பிளக்கிலே பலமான பொறி பிறவாது. பழுதுபடும் கொண்டென்சர் குளிர்ந்திருக்கையில் ஒழுங்காக இயங்கிச் சூடேறியதும் கைவிடுவதுண்டு. இவ்வளவையும் புத்தகத்தில் விளங்கக்கூடிய நாம், எமது காலடியில் இருந்த கொண்டென்சரை அறிந்தோமில்லை. கொட்டிலுக்குள் இருந்த முதியவர் அறிந்திருந்தார்.

அவர் எம்மிடம் இன்னொன்றும் கேட்டார்: “முந்தின காபரேற்றர் நல்ல சாமான். எங்கை அது?” கராஜில் போய்க் கேட்டோம். குப்பையோடு போய்விட்டது என்றார்கள். அது மெய்யாயிருக்கலாம், பொய்யாயிருக்கலாம். அன்றே கேட்டு வாங்காதது எமது பிழை.

இதுவரை சொன்னது பிறரால் நாம் பட்டது. இனிச் சொல்வது எம்மாற் பிறர் பட்டது. இதைச் சொல்லவே இங்கு வந்தோம்.

ஒருமுறை ஏமாந்தவனுக்கு எல்லோரும் ஏமாற்றுவோராய்த் தோன்றுவர். சில வாரங்களின் பின் வண்டியின் பக்க மூடியைத் திறந்தபோது, தந்தையார் வைத்திருந்த ஸ்பானர்ப் பையைக் காணவில்லை. கடைசியாக வண்டியைத் திறந்தவர் முதியவர். நேரே போனோம். வேறு ஆட்கள் நிற்கையிலேயே, “ஐயா, அப்பாவின்ரை ஸ்பானர்ப் பை இஞ்சை நிண்டிட்டுதோ?” என்றோம். சொல் மரியாதையாகத்தான் இருந்தது. குரல் அப்படி இருக்கவில்லை. அவர் பதில் சொல்லவில்லை. தமது பெட்டியைத் தூக்கி வந்து, எல்லாச் சாவிகளையும் சாக்கின்மேல் எம் கண்முன்னே கொட்டினார். அதிலே எமது பொருள் ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா எழுந்துபோய் அலுமாரியைத் திறந்தார். தந்தையாரின் திவசத்துக்கு முன் வண்டியைத் துடைத்தபோது, அவர் கைபட்ட பொருளென்று எடுத்துத் துணியிற் சுற்றி வைத்திருக்கிறார். எமக்குச் சொல்ல மறந்துபோனார்.

அன்றிரவு நாம் உறங்கவில்லை. காலையிலே போய் மன்னிப்புக் கேட்டோம். முதல்நாள் நின்றவர்களுள் ஒருவர் அங்கே நின்றார். அவர் கேட்கவே சொன்னோம். முதியவர் வேலையிலிருந்து தலை நிமிராமல், “கேக்கிறதிலை பிழையில்லைத் தம்பி. வண்டியைத் தரேக்கை என்னென்ன இருக்கெண்டு எழுதித் தந்திருந்தால் ரண்டு பேருக்கும் நிம்மதி. ஆளைப் பாத்துக் கேக்கிறதைவிடக் கடுதாசியைப் பாத்துக் கேக்கிறது நல்லம்” என்றார். எமது பல்கலைக்கழகப் படிப்பிலே இதற்கு இணையான பாடமொன்றை இன்னும் கேட்டிலோம்.

திருவள்ளுவர் பொருட்பாலிலே ‘தெரிந்து தெளிதல்’ என்றோர் அதிகாரம் வகுத்து, அதனை அடுத்து ‘தெரிந்து வினையாடல்’ என இன்னொன்றை வைத்தார். ஆளை ஆராய்ந்து தெளிவது முந்தியது. தெளிந்தபின் தொழிலை அவரிடம் ஒப்புவிப்பது பிந்தியது. கராஜ் வாசலில் நிற்பவனுக்கும் இவ்வொழுங்கு பொருந்தும். நாம் பட்டுத் தெளிந்தவற்றை அவ்வொழுங்கிலேயே கூறுவோம்.

முதலாவது, பெரிய வேலையை முதல்நாளிலே கொடாதீர்கள். ஒயில் மாற்றவும், வால்வு இடைவெளி சரிபார்க்கவும் கொடுங்கள். எமது வண்டிக்கு அவ்விடைவெளி 0.05 மில்லிமீற்றர். எந்திரம் நன்கு ஆறியபின், அளவுத்தகடு செருகிப் பார்க்கவேண்டிய அளவு அது. காலையில் விட்டுவிட்டுப் போகச் சொல்பவர் தொழில் அறிந்தவர். கொதிக்கும் எந்திரத்தைக் காதால் கேட்டே சரிசெய்வதாகச் சொல்பவரிடம் சற்று நிதானியுங்கள்.

இரண்டாவது, கேட்பவரை நம்புங்கள். நோயாளியை விசாரியாமல் மருந்தெழுதும் வைத்தியரை நாம் விரும்புவதில்லையே.

மூன்றாவது, அவர் கைகளைப் பாருங்கள். பொருத்தமான ஸ்பானர் எடுக்கிறாரா, உளியும் சுத்தியலும் எடுக்கிறாரா? கழற்றிய ஆணிகள் தட்டிலே கிடக்கின்றனவா, மணலிலே கிடக்கின்றனவா? பழைய பிறேக் கட்டைகளின் தூசியிலே அஸ்பெஸ்ரஸ் இருக்கக்கூடும். அதைக் காற்றடித்துப் பறக்கவிடாமல் ஈரத்துணியால் துடைப்பவர் தமது நெஞ்சையும் உமது நெஞ்சையும் காப்பவர்.

நான்காவது, “இது மாத்தத் தேவையில்லை” என்றும், “இது எனக்குத் தெரியாது” என்றும் சொல்லத் தெரிந்தவரைக் கைவிடாதீர்கள். இவ்விரண்டு சொல்லாலும் அவருக்கு ஒரு சதமும் வருவதில்லை. வருவாயில்லாத இடத்திலே சொல்லப்படும் உண்மை பெறுமதி மிக்கது.

ஐந்தாவது, கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். நேர்மையானவர் கேளாமலே தருவார்.

இனி எமது கடமை. வண்டியை விடும்போது உள்ள பொருள்களை எழுதிக் கொடுப்போம். கூலியைப் பேசித் தீர்த்து, வேலை முடிந்த அன்றே கொடுப்போம். கடையிலே விலை குறையாத பாகத்துக்கு வாய் திறவாமல் பணம் கொடுத்துவிட்டு, முதியவரின் கூலியிலே நூறு ரூபா குறைக்க நிற்கும் வழக்கத்தை விடுவோம். அவசரப்படுத்த மாட்டோம். ஐயம் எழுந்தால், நாலுபேர் முன்னிலையிலன்றித் தனியே கேட்போம்.

வாலிபர்களே, மண்ணெண்ணெய்க் காலத்திலே தொழில் பழகிய கைகள் இப்போது நடுங்கத் தொடங்கிவிட்டன. எமது முதியவரிடம் தொழில் பழக ஒருவரும் இல்லை. சனிக்கிழமைகளிலே நாம் போய் அவருக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுக்கின்றோம். இன்னும் இருவர் வந்தால் அவர் வேண்டாமென்னமாட்டார். பெரியோர்களே, உங்களுள் ஒவ்வொருவருக்கும் நம்பத்தக்க ஒரு மெக்கானிக்கைத் தெரிந்திருக்கும். அப்பெயர்களை எழுதிவைக்கச் சங்க வாசிகசாலையில் ஒரு கொப்பி வைப்போமாயின், இன்னொரு வாலிபன் தன் தாயை வெளியிலே வெயிலில் நிறுத்தாமல் தப்புவான்.

அக்கொப்பியின் முதற் பக்கத்திலே எழுத எம்மிடம் ஒரு பெயர் உண்டு. அவரிடம் அனுமதி கேட்டோம். “முதல் நீர் ஒழுங்காய்ப் பிளக் கழட்டப் பழகும், பிறகு எழுதலாம்” என்றார். பழகிக்கொண்டிருக்கின்றோம்.