வலி மாத்திரை: கேட்டு வாங்குங்கள்



நாள் முழுக்க நாற்று நட்டால் இடுப்பு வலி. கரும்பு வெட்டினால் தோள் வலி. உடனே கடைக்கு ஆள் அனுப்பி, "வலிக்கு ஒரு மாத்திரை வாங்கிட்டு வா" என்கிறோம். அது உடம்புக்குள்ளே என்ன செய்கிறது?

அடிபட்ட இடத்தில் 'புராஸ்டாகிளாண்டின்' என்ற பொருள் உண்டாகிறது. வலியும் வீக்கமும் அதனால் அதிகமாகின்றன. ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகள் அது உண்டாகாமல் தடுக்கின்றன. இதை 1971-ல் இங்கிலாந்து விஞ்ஞானி ஜான் வேன் கண்டறிந்தார். 1982-ல் நோபல் பரிசும் பெற்றார்.

ஆனால், வயிற்றின் உட்புறத்தை அமிலம் அரிக்காமல் காப்பதும் அதே பொருள்தான். சிறுநீரகத்துக்கு ரத்தம் ஓட உதவுவதும் அதுதான். மூட்டு எது, வயிறு எதுன்னு மாத்திரைக்குத் தெரியாது. எல்லா இடத்திலும் தடுத்துவிடும். ஆகவேதான் அடிக்கடி சாப்பிடுகிறவர்களுக்கு வயிற்றுப் புண்ணும் ரத்தக் கசிவும் ஏற்படுகின்றன.

கர்ப்பிணிகள் மிகவும் கவனமாக இருக்கவேண்டும். கருவிலுள்ள குழந்தைக்கு இதயத்தை ஒட்டிய ஒரு ரத்தக்குழாய் பிறக்கும்வரை திறந்திருக்க வேண்டும். கடைசி மூன்று மாதங்களில் இந்த மாத்திரைகளைச் சாப்பிட்டால் அது முன்னதாகவே சுருங்கிவிடலாம். ஐந்தாம் மாதத்திலிருந்தே பனிக்குட நீர் குறையவும் வாய்ப்புண்டு. கணவன்மார்களே, கடைக்குப் போவது பெரும்பாலும் நீங்கள்தான். "வீட்டிலே முழுகாம இருக்காங்க" என்று சொல்லாமல் மாத்திரை வாங்காதீர்கள். முதலில் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள். தேவையானால் பாரசிட்டமால் தருவார். ஆனால் டாக்டரே குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுத்திருந்தால், அதை நீங்களாக நிறுத்தவும் கூடாது.

மற்றவர்கள் நினைவில் வைக்க வேண்டியவை:

1. வெறும் வயிற்றில் சாப்பிடாதீர்கள்.

2. இரண்டு வகை வலி மாத்திரைகளை ஒன்றாகச் சாப்பிடாதீர்கள்.

3. வயிற்றுப் புண், ஆஸ்துமா, ரத்தக் கொதிப்பு, இருதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேளாமல் தொடவே கூடாது.

4. காய்ச்சலுக்கு இவற்றைச் சாப்பிடாதீர்கள். டெங்குவாக இருந்தால் ரத்தக் கசிவு அதிகமாகும்.

5. பெரியவர்கள் மாத்திரையை உடைத்துக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். நிமெசுலைடு மருந்தை 12 வயதுக்கு உட்பட்டோருக்குக் கொடுக்க 2011-ல் இந்திய அரசு தடை விதித்தது.

மலம் தார்போலக் கறுத்தாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ, மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரண்டு மூன்று நாளில் தீராத வலிக்குக் காரணம் வேறாக இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.