இளையோர் கையில் ஒப்படைக்கும் பொறுப்பு



சாரணர் என்னும் சொல் இவ்வவைக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில், கவுந்தியடிகளும் கோவலனும் கண்ணகியும் தங்கிய சோலையில் தோன்றி அறம் உரைப்பவர் சாரணரே. இன்று பள்ளிப் பிள்ளைகளிடம் அச்சொல்லைக் கூறினால், கழுத்தில் வண்ணத் துணி அணிந்து விழாக்களில் அணிவகுத்து நிற்கும் மாணவரே அவர்கள் நினைவுக்கு வருவர். இவ்வுரை அப்பின்னவரைப் பற்றியது.

தென்னாப்பிரிக்காவில் மாஃபெகிங் என்னும் சிற்றூர் 1899 அக்டோபர் முதல் 1900 மே வரை 217 நாள் முற்றுகையில் சிக்கியது. ஆள் பற்றாமையால் ஊர்ச் சிறுவர்கள் செய்தி கொண்டுசெல்லும் பணியில் அமர்த்தப்பட்டனர். நம்பி ஒப்படைத்தால் சிறுவரும் பெரியவர்க்கு நிகராகக் கடமை ஆற்றுவர் என்பதை அங்கிருந்த ஆங்கிலப் படைத்தலைவர் பேடன் பவல் கண்டுகொண்டார். போர்முனையில் பிறந்த எண்ணம் கொல்லாமையை உயிராகப் போற்றும் அவைக்கு எங்ஙனம் பொருந்தும் என ஒருவர் வினவலாம். வினா நியாயமானதே. ஆயினும் பின்னாளில் அவர் சிறுவர்க்கு அளித்தது படைக்கலத்தை அன்று, பொறுப்பையே.

1907 ஆகஸ்டுத் திங்கள் முதல் நாள், இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில் ஏறத்தாழ இருபது சிறுவரைக் கொண்டு அவர் முகாம் தொடங்கினார். செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் அதில் கலந்திருந்தனர். அவர்களை நான்கு அணிகளாக்கி, ஒவ்வோர் அணிக்கும் சிறுவருள் ஒருவனையே தலைவனாக்கினார். அணியின் ஒழுங்குக்கு அத்தலைவனே பொறுப்பு. நூறாண்டு கடந்தும் சாரணர் இயக்கத்தின் உயிர்நாடி இந்த அணிமுறையே. இரண்டாண்டு கழித்து லண்டனில் நடந்த பேரணிக்கு அழைப்பின்றியே சிறுமியர் சிலர் வந்து நின்றனர். சாரணியர் இயக்கம் தோன்ற அத்துணிவே வழிகோலியது.

இந்நாட்டில் இயக்கம் தொடங்கியபோது, ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுவர்க்கே அதில் இடம் இருந்தது. அக்குறையை நீக்க, 1916இல் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார் இந்தியச் சிறுவர்க்கெனத் தனிச் சங்கம் கண்டார். 1921இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது அச்சங்கம் அவரது இயக்கத்தோடு இணைந்தது. விடுதலைக்குப் பின் 1950 நவம்பர் 7ஆம் நாள் பாரத சாரணர் இயக்கம் உருவாயிற்று; அடுத்த ஆண்டு சாரணியரும் அதனுடன் சேர்ந்தனர்.

ஓர் அணியில் ஆறு முதல் எட்டு மாணவர் இருப்பர். ஒருவர் கணக்கு எழுதுவார். ஒருவர் முதலுதவிப் பெட்டியைப் பேணுவார். ஒருவர் சமையலைக் கவனிப்பார். அணிகளின் தலைவர்கள் கூடி முடிவெடுக்கும்போது ஆசிரியர் உடனிருந்து வழிகாட்டுவார். முடிவை அவர்மேல் திணிப்பவராக இரார். கேட்க எளிது; செய்ய அரிது. பிள்ளை தடுமாறும்போது வாய்மூடி இருத்தல் பெரியவர்க்கு ஒரு நோன்பே. விருது வேண்டிப் பிள்ளையின் பதிவேட்டைப் பெற்றோரே எழுதித் தரும் இல்லங்களும் உண்டு. அங்கே சான்றிதழ் வந்து சேரும். பயிற்சி பெற்றவர் யார் என்பதைத்தான் கேட்கக்கூடாது!

சமூக விழாக்களிலும் நிலை இதுவே. நாற்காலி தூக்கவும் தண்ணீர் ஊற்றவும் மாணவர் அழைக்கப்படுகின்றனர். பேச்சுப் போட்டியில் பரிசு பெறுகின்றனர். வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, யாரை அழைப்பது என்பன அவர்கள் காதில் விழுவதில்லை. பத்தாம் வகுப்பு வரை வந்துகொண்டிருந்த பிள்ளை, கல்லூரிக்குச் சென்றபின் ஏன் வரவில்லை எனப் பெரியோர் வருந்துகின்றனர். தனக்கென ஒரு வேலையும் இல்லாத இடத்திற்கு எவரும் விரும்பி வருவாரோ?

அடுத்த விழாவின் மாலைப் பந்தியை எண்ணிப் பார்க்கலாம். பொழுது சாயுமுன் அனைவரும் உண்டு முடித்தாக வேண்டும். ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயில்வோரில் எட்டுப் பேர் கொண்ட அணியிடம் அப்பந்தியை முழுமையாக ஒப்படைக்கலாம். மாணவியர் தலைமை ஏற்கலாம். கதிரவன் மறையும் நேரம் பார்த்து, அடுப்பு மூட்டும் நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுவது அவர்கள் பணி. வருவோர் எண்ணிக்கையை வீடுவீடாகக் கேட்டறிதல், பொருள் வாங்குதல், நீரை வடிகட்டி வைத்தல், முதியோரை முதற்பந்தியில் அமர்த்துதல், மீந்த பணத்தைக் கணக்கோடு திருப்பித் தருதல் ஆகியனவும் அவர்களுடையனவே. சமையற்காரரும் இரண்டு பெரியவரும் அருகில் இருந்தால் போதும். நேரம் தவறும் அறிகுறி தெரிந்தால் மட்டும் அவர்கள் கைகொடுக்கலாம்.

முதலாண்டில் கூட்டில் உப்புக் குறையலாம். இலைகள் பத்துப் பற்றாமல் போகலாம். அதற்காக எழுந்து சென்று கரண்டியைப் பறித்தல் ஆகாது. பந்தி முடிந்தபின் பிள்ளைகள் வட்டமாக அமர்ந்து எங்கே பிழைத்தோம் எனத் தமக்குள் பேசுவர். அவ்வட்டத்தில் பெரியவர் ஒருவர் ஓரமாக அமரலாம். அவர்கள் கேட்டால் விடை கூறலாம்.