நீலக் குப்பிக்குள் செம்பு



அழகுப் பொருள் கடைகளில் இப்போது நீல நிறத்தில் ஒரு சீரம் விற்கிறது. சின்னக் கண்ணாடிக் குப்பி, மூடியிலேயே சொட்டுக்குழல். அந்த நீலம் பெரும்பாலும் சாயம் கலந்து வந்ததல்ல. செம்பு அயனி, பெப்டைடு என்ற சின்னப் புரதத் துண்டோடு பிணையும்போது தானாக வருவது. மயில்துத்தம் நீலமாக இருப்பதும் செம்பால்தானே! குப்பியின் மேல் 'காப்பர் பெப்டைடு' என்று போட்டிருக்கும். விலையைப் பார்த்தால், உள்ளே இருப்பது செம்பா தங்கமா என்று கேட்கத் தோன்றும்.

தோலுக்கும் செம்புக்கும் உறவு உண்டா? உண்டு. அது தெரியவந்த கதையில் செம்மறி ஆடுகளுக்கும் பங்கு இருக்கிறது.

1962-ல் ஜான் மென்கிஸ் என்ற நரம்பியல் மருத்துவர், அமெரிக்காவில் ஒரே குடும்பத்தின் ஆண் குழந்தைகளைத் தாக்கிய நோய் ஒன்றைப் பற்றி எழுதினார். பிறந்த சில வாரங்களில் வளர்ச்சி தடைப்படும், வலிப்பு வரும், சிறு வயதிலேயே உயிர் போய்விடும். தலைமுடி வெளிறி, முறுக்கிக்கொண்டு, தொட்டால் ஒடியும். காரணம் பத்தாண்டுகள் பிடிபடவில்லை. 1972-ல் மெல்போர்னில் டேவிட் டேங்க்ஸ் என்ற மருத்துவர்தான் முடிச்சை அவிழ்த்தார். செம்புச் சத்து குறைந்த மண்ணில் மேயும் ஆடுகளின் ரோமம் சுருள் இழந்து கம்பியாக விறைத்துவிடும் என்பது ஆஸ்திரேலியாவில் தெரிந்த சேதி. இந்தக் குழந்தைகளின் முடியைப் பார்த்தவருக்கு அந்த ஆடுகள் நினைவுக்கு வந்தன. ரத்தத்தில் செம்பை அளந்து பார்த்தார். மிகக் குறைவாக இருந்தது. உணவில் இருக்கும் செம்பைக் குடலிலிருந்து உடலுக்குள் எடுத்துச்செல்ல முடியாத பரம்பரைக் கோளாறு அது.

அந்தக் குழந்தைகளுக்குத் தோல் தொளதொளவென்று இருக்கும். ரத்தக் குழாய்கள் நெளிந்து வளைந்து கிடக்கும். ஏன்? நம் தோலைத் தாங்கி நிற்கும் கொலாஜன் புரதம், மூன்று புரி சேர்த்து முறுக்கிய கயிறு. ஒரு கயிற்றை இன்னொன்றோடு குறுக்கே பிணைத்தால்தான் அதற்கு வலு. அப்படிப் பிணைக்கும் நொதிக்கு லைசில் ஆக்சிடேஸ் என்று பெயர். செம்பு இல்லாமல் அது வேலை செய்யாது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதற்கும் செம்பு சார்ந்த ஒரு நொதி தேவை. முடி வெளிறியதன் காரணம் அதுதான்.

இனி பெப்டைடுக்கு வருவோம். 1973-ல் கலிபோர்னியாவில் லோரன் பிகார்ட் என்ற உயிர்வேதியியலாளர், முதியவர்களின் கல்லீரல் திசு இளையவர்களின் ரத்தத்தோடு சேரும்போது இளம் திசுவைப் போலப் புரதம் செய்வதைக் கவனித்தார். ரத்தத்தில் எது இதைச் செய்கிறது என்று தேடியபோது கிடைத்தது மிகச் சிறிய துண்டு. கிளைசின், ஹிஸ்டிடின், லைசின் என்ற மூன்றே அமினோ அமிலங்கள். மூன்றின் குறியெழுத்துகளைச் சேர்த்து ஜி.எச்.கே. என்கிறார்கள். செம்பைக் கண்டால் இது விடாது, பற்றிக்கொள்ளும். இளமையில் ரத்தத்தில் அதிகமாக இருக்கும் இதன் அளவு, அறுபது வயதுக்குள் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது என்று பிகார்ட் எழுதினார். விளம்பரக்காரர்கள் இன்றுவரை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இந்த ஒரு வரியைத்தான்.

எனக்கு இதைவிடச் சுவையாகப்படுவது 1988-ல் பிரான்சிலிருந்து வெளியான ஆய்வு. மக்கார் என்பவரின் குழு, இந்தச் செம்புப் பெப்டைடைத் தோலின் நார்ச்செல்களுக்கு மிக நுண்ணிய அளவில் கொடுத்தது. அவை கூடுதலாகக் கொலாஜன் செய்தன. இதே மூன்று அமினோ அமிலங்களின் வரிசை கொலாஜன் இழைக்குள்ளேயே ஓரிடத்தில் இருக்கிறது என்பதையும் அவர்கள் சுட்டிக்காட்டினார்கள். அப்படியானால், காயம் பட்டு கொலாஜன் சிதையும்போது இந்தத் துண்டு விடுபட்டு, அருகிலிருக்கும் செம்பைப் பற்றிக்கொண்டு, 'இங்கே இடிந்திருக்கிறது, கட்ட வாருங்கள்' என்று செல்களுக்குச் சேதி சொல்கிறதோ? இது கருதுகோள்தான். ஆனால் அழகான கருதுகோள்.

கண்ணாடித் தட்டில் வளரும் செல்லில் நடப்பது மனிதரின் காலில் நடக்க வேண்டுமே! சோதித்துப் பார்த்தார்கள். சர்க்கரை நோயாளிகளின் பாதப்புண்ணில் செம்புப் பெப்டைடு ஜெல் நல்ல பலன் தந்ததாக 1994-ல் ஓர் ஆய்வு வந்தது. அதற்கு இரண்டாண்டு முன்பே, சிரைக் கோளாறால் வரும் கால் புண்களில் நடந்த சோதனை வேறுவிதமாகச் சொன்னது. அதில் சில்வர் சல்ஃபாடயசீன், அதாவது தீப்புண்ணுக்கு நாம் தடவுகிற அதே வெள்ளைக் களிம்பு, புண்ணைக் கணிசமாகச் சுருக்கியது. செம்புப் பெப்டைடோ மருந்தில்லாத வெறும் களிம்பைவிட மேலாக எதையும் செய்யவில்லை.

காயம் ஆற்றும் மருந்தாக இது ஊன்றி நிற்காமல் போனது. போன இடம் அழகுசாதன அலமாரி. அங்கே வாசல் தாழ்வு. ஒரு மருந்து நோயைக் குணமாக்குகிறது என்று நிரூபித்த பிறகே விற்பனைக்கு வர முடியும். முகத்தில் பூசும் கிரீமிடம் அந்த அளவுக்கு யாரும் கேட்பதில்லை. கிரீம் வடிவிலும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. சில பத்துப் பெண்கள், ஏறக்குறைய 12 வாரம் பூசினார்கள். சுருக்கம் கொஞ்சம் குறைந்தது, தோல் சற்றுத் தடித்தது என்கிறார்கள். பொய் என்று தள்ள நான் தயாரில்லை. ஆனால் அவை சிறிய ஆய்வுகள். பலவற்றுக்குப் பின்னால் விற்பவர்களின் பணம் இருக்கிறது.

இன்னொரு தடையும் உண்டு. நம் மேல்தோலின் வேலையே வெளிப்பொருளை உள்ளே விடாமல் தடுப்பதுதான். ஜி.எச்.கே. மிகச் சிறிய மூலக்கூறு, அது சாதகம். ஆனால் தண்ணீரோடு ஒட்டுவது, மின்னேற்றம் கொண்டது. எண்ணெய்ப் பசையுள்ள அந்த மேலடுக்கை எளிதில் கடக்காது. கொலாஜன் செய்யும் செல்கள் அதற்கும் கீழே உட்தோலில் இருக்கின்றன. ஆகவே குப்பியில் எத்தனை சதவீதம் என்பதைவிட, அதில் எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதுதான் கேள்வி. அதற்கு விடை எந்த லேபிளிலும் இல்லை.

சரி, வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். பெரும்பாலானவர்களுக்கு இதைப் பூசுவதால் கெடுதல் இல்லை. வைட்டமின் சி சீரமும் வைத்திருப்பவர்கள் இரண்டையும் ஒரே வேளையில் பூச வேண்டாம். செம்பு அந்த வைட்டமினைச் சீக்கிரம் சிதைத்துவிடும். கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், நான் சன்ஸ்கிரீனுக்கே வாக்களிப்பேன். கொலாஜனை அதிகம் சிதைப்பது வெயில். சுருக்கத்துக்கு நெடுநாள் ஆய்வில் தேறியது ட்ரெட்டினாயின் என்ற மருந்து. அதைத் தோல் மருத்துவர் சொல்லித்தான் போட வேண்டும், கர்ப்பிணிகள் தொடக்கூடாது. செம்புக் குடத்துத் தண்ணீர் குடித்தால் இதே பலன் வருமா என்றும் சிலர் கேட்கிறார்கள். வராது. அந்தத் தண்ணீரில் இந்தப் பெப்டைடு கிடையாது. சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்களுக்குப் பருப்பிலும் எள்ளிலும் தேவையான செம்பு கிடைத்துவிடுகிறது.

இந்தச் செம்புப் பெப்டைடையே ஊசியாகப் போட்டுக்கொள்ளும் பழக்கம் வெளிநாடுகளில் பரவுகிறது. ஆய்வுக்கூட உபயோகத்துக்கு என்று எழுதிய பொடியை இணையத்தில் வாங்கி, வீட்டிலேயே கரைத்துக் குத்திக்கொள்கிறார்கள். அந்த வழியில் இது பாதுகாப்பானது என்று காட்டும் முறையான மனித ஆய்வு இல்லை. பொடியில் வேறென்ன கலந்திருக்கிறது என்றும் தெரியாது. அது வேண்டவே வேண்டாம்.

சர்க்கரை உள்ள நேயர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஆறாத பாதப்புண்ணில் இந்த முக சீரத்தை விடாதீர்கள். 1994 ஆய்வில் பயன்பட்டது முகத்துக்கான சீரம் அல்ல, புண்ணுக்கென்று தயாரித்த ஜெல். பாதப்புண் ஆறுவதற்கு முதலில் வேண்டியது செத்த சதையை அகற்றுவது, அந்த இடத்தில் உடல் பாரம் விழாமல் பார்ப்பது, காலுக்கு ரத்தம் ஓடுகிறதா என்று சோதிப்பது. இவற்றை மருத்துவமனையில் செய்ய வேண்டும். புண் வலிக்கவில்லை என்று தள்ளிப்போடவும் வேண்டாம். நரம்பு மரத்துப்போன பாதத்தில் வலி தெரியாது.