முதல் தேர்தலில் நாம் எங்கே இருந்தோம்?

(சிம்பாங் பூலாய் தொழிலாளர் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



இத்தாலியில் பிரிந்து கிடந்த பல அரசுகள் 1861-ஆம் ஆண்டில் ஒரே தேசமாயின. அவ்வாண்டு ஜனவரியில் முதல் பாராளுமன்றத் தேர்தல். ஜனத்தொகை இரண்டு கோடிக்கு மேல். வாக்குரிமை பெற்றவர்களோ சுமார் 4 லட்சத்து 18 ஆயிரம் பேர். நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை! 25 வயது நிரம்பிய ஆணாக இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரிய வேண்டும். ஆண்டுக்கு 40 லீரா வரி கட்ட வேண்டும். உழுதவனுக்கு இதில் ஏது இடம்? தாய்மார்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அங்கே பெண்கள் 1946 வரை காத்திருந்தார்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். ஒன்பது மலாய் மாநிலங்களும் பினாங்கும் மலாக்காவும் சேர்ந்து 1948-இல் மலாயாக் கூட்டரசு ஆயின. அதன் சட்டமன்றத்துக்கு முதல் தேர்தல் 27-7-1955-இல் நடந்தது. இங்கே வரி கேட்கவில்லை, படிப்புக் கேட்கவில்லை. பெண்களுக்கும் வாக்கு உண்டு. கேட்டது குடியுரிமை. அந்த வாசலில்தான் நம்மவர் நின்றுவிட்டார்கள். பட்டியலில் ஏறத்தாழ 13 லட்சம் பேர்; நூற்றுக்கு 84 பேர் மலாய்க்காரர். இந்தியரும் மற்றவரும் சேர்ந்து நூற்றுக்கு ஐந்து பேர் தேறவில்லை.

52 தொகுதிகளில் கூட்டணி 51-ஐப் பிடித்தது. அதன் இந்திய வேட்பாளர் இருவரும் வென்றனர். ஒருவர் சுங்கை சிப்புட் வீ. தி. சம்பந்தன். நம் கிந்தா உத்தாராவில் நின்று வென்று, தொழில் மந்திரியானவர். அவருக்கு விழுந்த வாக்குகளில் பால்வெட்டுக்காரர் வாக்கு எத்தனை இருந்திருக்கும்?

1957-இல் சுதந்திரத்தோடு கதவு சற்று அகலமாகத் திறந்தது. இங்கே பிறந்த பெரியவர்கள் ஓராண்டுக்குள் மனுச் செய்தால் மலாய்மொழிப் பரீட்சை வேண்டாம் என்றார்கள். 1959 பாராளுமன்றத் தேர்தலில் வாக்காளர் தொகை 20 லட்சத்தைத் தாண்டியது. ஈப்போவிலும் மெங்லெம்புவிலும் சீனிவாசகம் சகோதரர்கள் வென்றது அப்போதுதான். ஆனால் டவுனுக்குப் போனால் ஒரு நாள் சம்பளம் போய்விடுமே என்று மனுச் செய்யாமல் இருந்தவர்களும் உண்டு.

கிராணி என்ற முறையில் ஒன்று சொல்கிறேன், கோபிக்காதீர்கள். செக்ரோலில் பெயர் விடுபட்டால் அன்று மாலையே ஆபீஸ் வாசலில் சண்டைக்கு வருகிறீர்கள். வரவேண்டியதுதான். பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் இல்லையென்றால் மட்டும் பத்து வருஷம் பேசாமல் இருப்பதேன்? 2021 டிசம்பரிலிருந்து 18 வயதான குடிமக்களின் பெயர் தானாகவே வாக்காளர் பட்டியலில் ஏறிவிடுகிறது. குடிமகன் என்று காட்டும் பத்திரம் தானாக வராது.

நம் லயத்தில் நாற்பது வருஷம் மரம் வெட்டிய ஒரு பாட்டியின் கையில் இன்னும் சிவப்பு அடையாள அட்டைதான். சென்ற தேர்தலன்று பேரப்பிள்ளைகளோடு பள்ளிக்கூட வாசல்வரை வந்தார். அவர்கள் ஓட்டுப் போட்டு வரும்வரை வெளியே மர நிழலில் உட்கார்ந்திருந்தார்.

அவருடைய மனுவை மறுபடியும் எழுதி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை உங்கள் வீட்டுப் பத்திரங்களையும் எடுத்து வாருங்கள், பார்க்கலாம்.