வெக்கைக்கும் கணக்கு வேண்டும்

(ராஜபாளையத்தில் பஞ்சாலைத் தொழிலாளரும் ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டார விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



கூலிக்குக் கணக்குக் கேட்கிறோம். போனசுக்குக் கணக்குக் கேட்கிறோம். நம் உடம்பை வாட்டும் வெக்கைக்குக் கணக்குக் கேட்கிறோமா?

ஸ்பின்னிங் பகுதியில் காற்று காய்ந்தால் நூல் அறுகிறது. ஆகவே காற்றில் ஈரம் ஏற்றுகிறார்கள். நூலுக்கு நல்லதுதான், ஆளுக்கு? ஈரக் காற்றில் வியர்வை உலராது. வியர்வை உலராவிட்டால் உடம்புச் சூடு இறங்காது. தலை சுற்றும், கை கால் இழுக்கும், ஆள் விழுவான். அதனால்தான் சாதாரண வெப்பமானிக்குப் பக்கத்தில் ஈரத்துணி சுற்றிய வெப்பமானியும் வேண்டும். இரண்டு அளவும் நெருங்க நெருங்க, காற்றில் ஈரம் கூடுகிறதென்று அர்த்தம்.

இது யாரும் இனாமாகத் தந்ததல்ல. இங்கிலாந்தில் லங்காஷயர் நெசவாலைகளில் நீராவி விட்டு வேலை வாங்கினார்கள். தொழிலாளர் எதிர்த்தனர், ஈரத்துக்கு வரம்பு கட்டி 1889இல் சட்டம் வந்தது. நமது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 13, 15ஆம் பிரிவுகள், வெப்பத்தையும் ஈரத்தையும் அளந்து பதிவு செய்ய விதி வகுக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தன. 250 பேருக்கு மேற்பட்ட ஆலையில் கோடையில் குளிர்ந்த குடிநீர் தர வேண்டுமென்றது 18ஆம் பிரிவு. 2025 நவம்பரில் அதன் இடத்துக்குப் புதிய சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. அதிலும் காற்றோட்டம், வெப்பம், ஈரம், குடிநீர் ஆகியவற்றுக்கு நிர்வாகமே பொறுப்பு.

ஆனால் ஆபீஸ் அறையில் உட்கார்ந்து ரிஜிஸ்டரை நிரப்பினால் என்ன பயன்? மெஷின் ஓடும் இடத்தில், மதிய ஷிப்டில், நம் கண் முன்னால் அளக்கச் சொல்லுங்கள். நாமும் தனியாக ஒரு நோட்டில் எழுதுவோம்: தேதி, ஷிப்டு, பகுதி, இரண்டு அளவுகள், குடிநீர் இருந்ததா, யார் எத்தனை மணிக்கு மயங்கினார், ஆஸ்பத்திரிச் சீட்டு எங்கே. பக்கத்தில் இரண்டு பேர் கையெழுத்து.

வயல்காட்டில் ரிஜிஸ்டரே கிடையாது. கரும்பு வெட்டுகிறவருக்கும் பருத்தி எடுக்கிறவருக்கும் சூரியன்தான் மேஸ்திரி. அங்கே கொத்துக்கு ஒருவர் நோட்டு வைக்கட்டும்: இறங்கிய நேரம், ஏறிய நேரம், நிழல் உண்டா, தண்ணீர் உண்டா, விழுந்தவர் யார்.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. ஆனால் வரப்பில் விழுந்தவரை வெறும் மாரடைப்பென்று எழுதிவிட்டால், அந்தக் குடும்பம் எதைக் காட்டிக் கேட்கும்?

செத்த பிறகு சாட்சி தேடுவது கஷ்டம். உயிரோடிருக்கும்போதே எழுதி வைப்போம். அந்த நோட்டைச் சங்கத்தின் மூலம் தொழிற்சாலை ஆய்வாளர் மேஜையில் வைத்து, கணக்குக் கேட்போம்!